குவாரி வளைவில் நின்றேன்

ஓடுகிறோம். கார்கிவ். 2022 மார்ச் முதல் தேதி. காலை. ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். குண்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரியவில்லை. என் வலது காது முந்தைய நாளே போய்விட்டது. ஒரு காது மட்டும் இருந்தால் எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும்.

என் அறைத்தோழி ஷைனி என் கையை விடவில்லை. கோட்டயத்துக்காரி. மலையாளத்தில் கத்துகிறாள். பயத்தில் அவளுக்கு வேறு மொழி வரவில்லை.

"கிடக்கு! ஜெசிந்தா, கிடக்கு!"

விழுகிறோம். பனி. வாயில் மண். எங்கோ ஒரு கட்டடம் உதிர்கிற சத்தம், அரிசி மூட்டை பிரிந்து கொட்டுவது போல.

"எணீக்கு! ஓடு!"

எழுந்தோம். ஓடினோம். பிழைத்தோம். அதனால் இதை எழுதுகிறேன்.

என் ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில். அப்பா ராகியும் துவரையும் போடுகிறவர். உக்ரைனுக்கு டாக்டர் படிப்புக்குப் போனேன். மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது.

பிப்ரவரி இருபத்து நான்கு. விடியவில்லை. முதல் சத்தம். தம். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அரைத்தூக்கத்தில் நான் ஷைனியிடம் சொன்னேன், "குவாரி வேட்டு. தூங்கு."

வேறென்ன நினைப்பேன்? எனக்குத் தெரிந்த வெடி அது ஒன்றுதான். பள்ளிக்கூடம் விட்டு, அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் ஒரு கல்குவாரி. சாயங்காலம் அங்கே பாறைக்கு வேட்டு வைப்பார்கள். அதற்கு முன் வளைவில் முனுசாமி அண்ணன் என்று ஓர் ஆள் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "வேட்டேய்! வேட்டு! நில்லுங்க!" நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வோம். வெடித்ததும் ஓவென்று கத்துவோம். சிரிப்போம். வீட்டில் தாமதத்துக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கார்கிவில் இரண்டாவது சத்தம் வந்தது. மூன்றாவது வந்தது. குவாரியில் இப்படி அடுத்தடுத்து வராது. எழுந்து உட்கார்ந்தேன். யாரும் கூவவில்லை. யாரும் சிவப்புத் துணி காட்டவில்லை. எங்கள் ஊரில் கல்லை உடைக்கிறவன்கூட ஆளை நிறுத்திவிட்டுத்தான் உடைக்கிறான்.

எங்கள் விடுதிக்குக் காவல் ஒக்சானா. ஐம்பது வயதிருக்கும். பருத்த உடம்பு, சிடுசிடு முகம். தாமதமாக வந்தால் கதவைத் திறக்காமல் திட்டுவாள். அன்று முதல் அவள்தான் எங்களை நிலவறைக்கு ஓட்டினாள். வெடிக்கும்போது காது கிழியாமலிருக்க வாயைத் திறந்து வைக்கச் சொன்னாள். தன் வாயைத் திறந்து காட்டினாள். அந்த நிலையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

இருபத்தெட்டாம் தேதி தண்ணீர் தீர்ந்தது. தெரு தாண்டி ஒரு கடை. ஒக்சானா போனாள். நான் நிலவறைக் கதவைத் திறந்து பிடித்தபடி, வலது தோள் தெருப்பக்கம் இருக்க, நின்றேன். இரண்டு கையிலும் கேன்களோடு திரும்பி வந்தாள். பாதித் தெருவில் நின்றாள். மேலே பார்த்தாள். என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"கீழே! கீழே!"

அவள் மொழியில் அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். படியில் பாய்ந்தேன். கதவு என் மேல் விழுந்தது. பிறகு எதுவும் கேட்கவில்லை. இடது காது மறுநாள் திரும்பியது. ஒக்சானா திரும்பவில்லை.

இது நடந்தது. குண்டு விழுந்த இடத்தில் பொதுமக்கள் இல்லை என்று எவன் சொன்னாலும் பொய். நான் பார்த்தேன்.

ஊருக்கு வந்தேன். படிப்பு நின்றது. வீட்டை விட்டு வெளியே போக விடவில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது, காது விஷயத்தைச் சொல்லாதே என்றார்கள். வந்தவர்களிடம் நானே சொன்னேன். அவர்கள் மறுபடி வரவில்லை. போகட்டும்.

இந்த ஆண்டு பாப்பாரப்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. சைக்கிளில் போகிறேன் என்றேன்.

"ஒரு காது கேக்காத புள்ள. டிப்பர் ஓடற ரோடு. பின்னால வர்றது தெரியுமா உனக்கு?" அப்பா கத்தினார்.

"கண்ணு ரெண்டும் இருக்குதுங்கப்பா."

ஹேண்டில்பாரில் வலது பக்கம் ஒரு கண்ணாடி பொருத்தினேன். அப்பா விடவில்லை. முதல் நாள் சாயங்காலம் தன் மொபெட்டில் எனக்குப் பின்னாலேயே வந்தார். கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. டிப்பர் தெரியவில்லை.

"முன்னாடி போங்கப்பா! மறைக்குது!"

வளைவு. சிவப்புத் துணி. அதே முனுசாமி அண்ணன், தலை மட்டும் நரைத்திருந்தது.

"வேட்டு! வேட்டேய்! நில்லு கண்ணு!"

கால் தரையில் ஊன்றியது. கை பிரேக்கை விடவில்லை. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "திரும்பிரலாம் கண்ணு. வா, வூட்டுக்கு வேற வழியில போயிக்கலாம்."

"இல்லீங்கப்பா. நிக்கறேன்."

வெடித்தது. நிற்கவில்லை நான். உடம்பு தானே விழுந்தது. ரோட்டில் குப்புற. தலைமேல் கை. வாய் திறந்திருந்தது. கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் அப்பா. வெள்ளைச் சட்டையோடு புழுதியில் படுத்திருந்தார். என் முதுகில் அவர் கை. நான் படுத்தேன், அவரும் படுத்தார். அவ்வளவுதான்.

முனுசாமி அண்ணன் பதறிப்போய் வந்தார். "என்னாச்சு புள்ளைக்கு?"

"அங்க யாரும் கூவலீங்கண்ணே," என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

நான் போரிலிருந்து திரும்பியது ஊருக்கே தெரியும். அவருக்குப் புரிந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீ எந்நேரம் வருவேன்னு சொல்லு கண்ணு. நீ தாண்டினப்புறம் போடச் சொல்றேன்."

"வேண்டாங்கண்ணே. போடற நேரத்துக்குப் போடுங்க. நான் நிப்பேன்."

அடுத்த வாரம் குந்தினேன். அதற்கடுத்து சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். நேற்றும் நின்றேன். நேற்றும் உடம்பு நடுங்கியது. நடுங்கிக்கொண்டே நிற்கலாம் என்று தெரிந்துகொண்டேன். அப்பா இப்போது வருவதில்லை. எனக்குப் பயமில்லை என்று அவரிடம் பொய் சொல்லவில்லை. பயத்தோடு போய்வருகிறேன் என்று சொன்னேன். சரி என்றார்.

இழந்தவை இவை. என் வலது காது. மூன்று ஆண்டுப் படிப்பு. இடியோடு மழை பெய்யும் ராத்திரித் தூக்கம். ஷைனி உயிரோடு இருக்கிறாள், கோட்டயத்தில், ஆனால் அவள் தொலைபேசியை எடுப்பதில்லை. அவளையும் கொஞ்சம் இழந்தேன்.

ஒக்சானா. எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனவள். தனக்கு ஒரு மகன் இருப்பதாகச் சொல்வாள். அவன் பெயரைக் கேட்டுவைக்கவில்லை. தன் தாய் கடைசியாகச் சொன்ன சொல் என்ன என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.