கேமராவில் மாட்டியிருந்த கையுறை

முதலில் மன்னிக்கவும். வாயால் சொன்னால் போதும், தட்டச்சு செய்துகொள்கிறோம் என்று விசாரணை அதிகாரி சொன்னார். எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பாதி விட்டுப்போகும். ஆகவே தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். தேவையில்லாதது ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் பெயர் வில்யா பெசொலா. வயது 25. முகவரி: பின்லாந்து, ஹாபசல்மி நகர், ரந்தகாத்து 14 பி, ஏழாம் எண் வீடு. அப்பா மர அறுவை ஆலையிலும் அம்மா பள்ளிச் சமையலறையிலும் வேலை செய்கிறார்கள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் மட்டும். நகராட்சியில் தகவல் ஆலோசகராக இருக்கிறேன். சந்தேக நபர் ஓத்சோ கல்லோனென் எனக்கு உறவினர் அல்ல. நண்பரா என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாததால் காலியாக விட்டிருக்கிறேன்.

இந்த ஜனவரி தொடக்கம் வரை பேருந்து நிலையத்திலிருந்த தகவல் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்தேன். ஓத்சோ அதே நிலையத்தில் பனி அள்ளும் வண்டி ஓட்டுபவர். தினமும் காலை பத்தேகாலுக்கு வந்து, "சோர்சனியெமி பஸ் எப்பங்க?" என்று கேட்பார். "பத்து நாப்பது" என்பேன். அந்தப் பேருந்தில் அவர் ஏறி நான் பார்த்ததில்லை. அவர் போன பிறகு, காலணியிலிருந்து உதிர்ந்த பனி கரைந்து கவுண்டர் முன்னால் இரண்டு சிறு குட்டைகளாக நிற்கும். அதைத் துடைப்பது என் வேலை. உடனே துடைத்ததில்லை.

அதன் பிறகு ஜனவரி 9ஆம் தேதி கவுண்டர் மூடப்பட்டு, அதே இடத்தில் தொடுதிரைத் தகவல் பெட்டி ஒன்று மூன்று மாதச் சோதனைக்காக வைக்கப்பட்டது. சரியாக வந்தால் நகரின் பொது இடங்களில் இன்னும் பன்னிரண்டு வைப்பதாகத் திட்டம். அதற்கான நகர மன்ற வாக்கெடுப்பு மார்ச் 27. என்னை நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். பெட்டியின் கடைசிப் பொத்தானை அழுத்தினால் என் மேசையில் மணி அடிக்கும், அங்கிருப்பவருக்கு என் முகம் தெரியும். அங்குள்ள கேமராவின் படம் நாள் முழுவதும் என் திரையில் ஓடும். கேமரா பெட்டியின் உச்சியில், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சிறு தண்டின் நுனியில் இருந்தது.

முதல் நாள் பத்தேகாலுக்கு மணி அடித்தது. ஓத்சோ குல்லாயைக் கழற்றிக்கொண்டு அதே பேருந்தைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். பக்கத்து மேசை மார்க்கெட்டா, "நேரம் திரையிலயே கொட்டை எழுத்துல இருக்கேடி, உன் ஆளுக்குப் படிக்கத் தெரியாதா?" என்றார். "என் ஆளெல்லாம் இல்ல" என்றேன். "அப்புறம் எதுக்கு பத்து மணிக்கே தலை சீவுற?" என்றார். சீப்பை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

அதன் பிறகு பிப்ரவரி 15 அன்று நகரவாசிகளிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. குறிப்பெடுத்தவள் நான். ஓத்சோ எழுந்து, "கவுண்டர்ல ஒருத்தங்க இருந்தாங்க. பஸ் நேரம் கேட்டா அதை மட்டும் சொல்ல மாட்டாங்க, வெளிய ரொம்பக் குளுருதான்னும் கேப்பாங்க. அவங்களக் கொண்டு போய் எதுக்குக் கண்ணாடிக்குள்ள வச்சீங்க?" என்றார். பின்வரிசையிலிருந்து யாரோ, "பஸ் ஸ்டாண்டுலயே பனி வார்றவனுக்கு பஸ் நேரம் தெரியாதாடா?" என்று கத்த, கூடமே சிரித்தது. நான் தலை நிமிராமல், "கவுண்டர் பற்றி ஒரு கருத்து கூறப்பட்டது" என்று குறிப்பில் எழுதினேன்.

பிப்ரவரி 24 முதல் பத்து நாட்களில் நான்கு முறை கேமரா மறைக்கப்பட்டது. தொழில்நுட்ப ஆள் போய்ப் பார்க்கும்போது கேமராவின் மேல் ஒன்றும் இருக்காது. திட்ட மேலாளர் ரையா, "வேணும்னே பண்றாங்க. கூட்டத்துல எகிறினானே, அவன் வேலைதான்" என்றார். அது யார் வேலையும் அல்ல என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் உள்ளிருந்து பார்த்தவள் நான். முதலில் நீல நிறப் பின்னல், அதன் பிறகு ஒரு குழந்தையின் சிவப்பு, இப்படி ஒவ்வொரு முறையும் வேறு வேறு கம்பளி. எங்கள் ஊரில் தரையில் கையுறை கிடந்தால் எடுத்து, தொலைத்தவர் கண்ணில் படும்படி பக்கத்திலுள்ள கம்பிலோ கிளையிலோ மாட்டிவிட்டுப் போவோம். விசாரணை அதிகாரியும் செய்திருப்பார். அந்தத் தண்டு அதற்கென்றே செய்தது போல இருந்தது. தொலைத்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். இதை ரையாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு மார்ச் 7, செவ்வாய்க்கிழமை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி குளிர். ஒன்பது மணியிலிருந்து என் திரையில் சாம்பல் நிறக் கம்பளி மட்டுமே தெரிந்தது. பத்தேகாலுக்கு மணி அடித்தது. "இருங்க, கழட்டுறேன். ஐயையோ, ஈரத்தோட ஒறஞ்சு கெடக்கு" என்று ஓத்சோவின் குரல் கேட்டது. அவர் வாயால் ஊதி ஊதி அதை இளக்குவது கேட்டது. நிலையத்தின் கண்காணிப்புப் படத்தில் அவர் கை கேமராவின் மேல் இருப்பதாகச் சொல்லப்படும் நாற்பது விநாடி இதுதான். கையுறை வந்தது. மிக அருகில் அவர் முகம் தெரிந்தது. புருவத்தில் பனி இருந்தது. சிரித்தார். அதே நொடியில் தண்டு முறியும் சத்தம் கேட்டு, படம் போனது. குரல் மட்டும் இருந்தது.

"ஒடச்சிட்டேன் போல. நீங்க எனக்குத் தெரியுறீங்க. நான் உங்களுக்குத் தெரியலல்ல?" என்றார். தெரியவில்லை என்றேன்.

"அப்ப கேட்டுடறேன். நீங்க பாத்துக்கிட்டிருந்தா எனக்குப் பேச்சு வராது. என் பேரு ஓத்சோ. சோர்சனியெமியில எனக்கு ஒருத்தரும் இல்ல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நாள் வருவீங்களா? காப்பி குடிக்கலாம்."

நகராட்சிச் சேவை சாராத கேள்விகளுக்கு அழுத்த வேண்டிய பொத்தான் ஒன்று என் மேசையில் உண்டு. பயத்தில் என் கை அதை அழுத்திவிட்டது. "உங்கள் கேள்வி பதிவு செய்யப்பட்டது. பதினான்கு நாட்களுக்குள் பதில் கிடைக்கும்" என்று பெட்டி சொன்னது.

அவர் காலணிப் பனியைத் தட்டுவது கேட்டது. அதன் பிறகு, "பதினாலு நாளா? சரிங்க" என்றார். காலடி தூரம் போவது கேட்டது. கையுறையை அவர் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டுப் போனது அதே கண்காணிப்புப் படத்தில் இருக்கிறது. கேமராவை மறைக்க வந்தவர் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

அதன் பிறகு ரையாவின் புகாரின் பேரில் ஓத்சோ வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். விசாரணை முடியும் வரை அவரோடு பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது. நான் பேசவில்லை. கேமராவை அவர் மறைக்கவில்லை என்றும், முறிந்தது மூடியதைத் திறக்கும்போது நேர்ந்த தவறு என்றும் உறுதியாகச் சொல்கிறேன். நான் அன்றே வாய் திறந்திருந்தால் அவர் பெயர் இந்தக் கோப்பில் வந்திருக்காது. இதையே ரையாவுக்கும் நகர மன்றத்துக்கும் இன்று காலை எழுதி அனுப்பிவிட்டேன்.

மேலே எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நான் கண்டதும் கேட்டதும் தவிர இதில் வேறொன்றும் இல்லை. யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை.

ஒரு வேண்டுகோள். சாட்சியின் வாக்குமூலம் சந்தேக நபருக்கு வாசித்துக் காட்டப்படும் என்றீர்கள். நாளை பதினான்காவது நாள். நகராட்சி விதிப்படி பதில் அதற்குள் போய்ச் சேர வேண்டும். ஆகவே தயவுசெய்து நாளைக்குள் இதை அவருக்கு வாசியுங்கள். மற்றதை வேகமாக வாசித்தாலும் பரவாயில்லை, கடைசி வரியை மட்டும் நிதானமாக வாசியுங்கள்.

வருவேன்.

(ஒப்பம்)
வில்யா பெசொலா
ஹாபசல்மி, மார்ச் 20