சாவி எடுத்த பிறகும் எரிந்த லாம்பு

இப்போதெல்லாம் மனிதர்கள் மனிதர்களிடம் எதையும் கேட்பதில்லை. போனைத் தட்டிப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் ஏதாவது மெசினைக் குத்திப் பார்க்கிறார்கள். ஒரு நம்பர் வந்தால் போதும், ஆமீன் சொல்லிவிடுவார்கள். நாற்பது வருடம் தம்புள்ளையில் மரக்கறி லொறிகளுக்கு வயர் இழுத்தவன் பக்கத்திலேயே இருப்பான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்பது கிடையாது. சார்ஜன்ட் ஐயா, இதையும் எழுதுங்கள். காரியம் இங்கேதான் தொடங்குகிறது.

என் பெயர் இத்ரூஸ். வயது எழுபத்திரண்டு. மூன்றாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. மௌத்தாகிப் போன றிஸ்கான் என் தங்கை மஸூதாவின் மகன். லக்கல பக்கம் நீர்த்தேக்கத்தில் படகு ஓட்டினான். பழைய ரோட்டு தண்ணீருக்குள் போனதிலிருந்து அக்கரைச் சனங்களுக்கு அவன் படகுதான் வழி. இருபது வருடத்துப் பைபர் படகு. நீர்கொழும்பில் யாரோ கழித்துவிட்டதை வாங்கி வந்தான்.

காலையில் போய்ப் பார்த்தால் பெட்டரி செத்துக் கிடக்கும். சாவியைத் திருப்பினால் மோட்டர் முனகக்கூடச் செய்யாது. புதுப் பெட்டரி போட்டான், அதுவும் ஒரு கிழமையில் படுத்துவிட்டது. மஸூதா சொல்லித்தான் நான் போனேன். அவன் கூப்பிடவில்லை.

முதலில் பெட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, பளிச்சென்று வரும்வரை சுரண்டினேன். பிறகு மோட்டரை ஓடவிட்டு, கரண்ட் பார்க்க இரண்டு வயர் கோத்து வைத்திருக்கும் என் சின்ன லாம்பைப் பெட்டரியில் பிடித்தேன். மோட்டரை முறுக்க முறுக்க வெளிச்சம் கூடியது. ஆகவே சார்ஜ் ஏறுகிறது. வருகிற கரண்ட் சரி. போகிற இடத்தில்தான் பிழை. மோட்டரை நிறுத்திச் சாவியை எடுத்தேன். பெட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றி இடையில் லாம்பைக் கோத்தேன். லொறியில் சட்டம் ஒன்றுதான்: சாவியை எடுத்தால் எல்லாம் செத்திருக்க வேண்டும். ஏதாவது களவாகக் குடித்தால் லாம்பு எரியும்.

எரியவில்லை. கரையில் நின்ற சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, ஒங்க லாம்புக்கும் கண்ணுல பூ விழுந்திருச்சி போல," என்றான் றிஸ்கான். எல்லோரும் சிரித்தார்கள்.

"பொறு மகன். கொஞ்சம் விட்டுப் பாக்கணும்."

"பாத்தது போதும் மாமா. நாளைக்கு அகீல் மீட்டரோட வாறான். இது லொறி இல்ல. எறங்கி நெழல்ல இருங்க."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான், குருடனை இறக்குவது மாதிரி. பிறகு வீட்டுக்குச் சாப்பிடப் போனான். சனமும் கலைந்துவிட்டது.

நான் திரும்ப ஏறி லாம்பின் முன்னால் குந்தினேன். அரை மணித்தியாலம் இருக்கும். யாரும் தொடாமலே லாம்பு எரிந்தது.

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஹோர்ன், லைட், எல்லாம். லாம்பு எரிந்தபடியே இருந்தது. அப்போது பார்த்தேன், ஒரு சிவப்பு வயர் பியூஸ் பெட்டிக்குப் போகாமல் பெட்டரியிலிருந்து நேராகப் பலகைக்குக் கீழே இறங்குகிறது. பலகையைக் கழற்றிக் கையை விட்டேன். மணிக்கட்டு வரை தண்ணீர். அதற்குள் ஒரு சின்னப் பம்ப், பக்கத்தில் தண்ணீர் ஏறினால் தூக்கிக்கொள்ளும் மிதவை. கறுப்பு வயரைத் திரும்ப மாட்டினேன். பம்ப் உறுமித் தண்ணீரை வெளியே துப்பிவிட்டு ஓய்ந்தது. ஒரு மணித்தியாலத்தில் மறுபடியும் உறுமியது. மோட்டர் மாட்டுகிற இடத்துக்குக் கீழே விரல் நீளத்துக்கு வெடிப்பு.

எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பம்ப் இரவு முழுக்கப் பெட்டரியைக் குடித்துப் படகைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இந்த ஒன்று மட்டும் சாவி எடுத்த பிறகும் உயிரோடு இருக்க வேண்டும்.

சிவப்பு வயரை வெட்டினேன். முனையில் மூன்று சுற்று டேப் போட்டேன். பலகையை வைத்துத் திருகாணிகளை முறுக்கினேன். பெட்டரி ஏன் சாகிறது என்பதுதானே அவனுடைய பிரச்சினை. இனிச் சாகாது. இரண்டு நாளில் தண்ணீர் தெரியவரும், தலையைச் சொறிந்துகொண்டு "மாமா, வந்து பாருங்க" என்பான், அப்போது சொல்லலாம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அகீல் வந்தான். முப்பது வயது, டெக்னிக்கல் கொலிஜில் படித்தவன். மீட்டரைக் குத்தினான். நம்பர் நல்ல நம்பர். "எல்லாம் கிளீன் நானா, ஒரு லீக்கும் இல்ல," என்று றிஸ்கானை அண்ணன் முறை வைத்துச் சொன்னான். பலகையை அவன் தொடவேயில்லை. சாவியைத் திருப்பியதும் மோட்டர் பிடித்துக்கொண்டது. றிஸ்கான் அவனைக் கட்டிப்பிடித்தான். எனக்கு ஒரு பிளேன்டீ வந்தது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. பின்னேரம் கரைக்குப் போனேன். சந்தையிலிருந்து திரும்பும் ஆறு பேர், நான்கு மூட்டை. பாடசாலை இல்லாததால் றிஸ்கானின் மகள் ஜஸ்லாவும் வந்திருந்தாள். படகின் பின்பக்கம் வழமையை விட நான்கு விரல் தாழ்ந்திருந்தது. தண்ணீர் பலகைக்குக் கீழே இருந்தபடியால் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. றிஸ்கான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நடுவில் காற்று பிடித்தது. உள்ளே கிடந்த தண்ணீர் முழுவதும் பின்பக்கம் ஓடிப் படகை மோட்டரோடு கீழே இழுத்துக்கொண்டு போனது. மீன் பிடிக்கிறவர்கள் ஆறு பேரையும் தூக்கிவிட்டார்கள். றிஸ்கானும் பிள்ளைக்காகத் திரும்பப் போகாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பான். மறுநாள் இரண்டு பேரையும் சேர்த்தே எடுத்தார்கள்.

இரண்டு நாளில் படகைக் கரைக்கு இழுத்தபோது பலகைக்குக் கீழே வெட்டிய வயரைக் கண்டார்கள். விசாரணையில் அகீல் சொன்னதை நீங்கள்தான் எழுதினீர்கள். "பெரியவர் லொறி வேலைக்காரர். பம்புக்கு நேரா கரண்ட் போகணும்னு தெரியாம வெட்டியிருக்கார், பாவம்." எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டீர்கள். பள்ளிவாசலில் வெறும் சலாம் மட்டும் சொல்கிறவர்கள்கூட என் தோளைத் தட்டினார்கள். ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்து மஸூதா சோறு கொண்டு வந்தாள்.

"நானா, ஒங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஒங்களுக்குத் தெரியாதுதானே."

சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். கூடப்பிறந்தவளும் அப்படித்தான் நினைக்கிறாள். மறுநாள் முதல் பஸ்ஸில் உங்களிடம் வந்துவிட்டேன். எனக்குத் தெரியும், தெரிந்துதான் வெட்டினேன். மற்றதெல்லாம் எப்படியாவது எழுதுங்கள், இதைச் சரியாக எழுதுங்கள்.

நீங்களும் நம்பவில்லை. நேற்று கரைக்குக் கூட்டிப்போய், இழுத்துப் போட்டிருந்த படகில் காட்டச் சொன்னீர்கள். காட்டினேன். டேப்பைப் பிரித்தீர்கள். இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தும் உள்ளே செம்பு மினுமினுத்தது. பிறகுதான் மெதுவாகக் கேட்டீர்கள்: "அண்டைக்குக் கரையில ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையோ, பெரியவர்?"

ஜஸ்லா கேட்டாள் என்றேன். "மூத்தப்பா, ஏன் நம்ம போட்டு பின்னால குந்திக்கிட்டு இருக்கு?"

"மூட்டைப் பாரம் மகள். ஏறு," என்று கையைப் பிடித்து நான்தான் ஏற்றிவிட்டேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். அதைக் கேள்வி என்று எடுக்க முடியாது, சார்ஜன்ட் ஐயா. ஆறு வயதுப் பிள்ளைக்கு வயரைப் பற்றி என்ன தெரியும்? கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. உங்களிடம் அதைச் சொல்லிவிட்டு, படகை விட்டு ஜீப் பக்கம் நடந்தேன். நடக்கும்போதும் யோசித்துப் பார்த்தேன். என் வேலையில் பிழை இல்லை.