ஒரு நோயாளி, மூன்று நோட்டுகள்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, மருந்தாளுநர்களே, செருப்புத் தேயத் தெருத்தெருவாய் நடக்கும் செவிலியச் சகோதரிகளே, சமூகப் பணியாளர்களே, விளாத்திகுளத்துக்கும் அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் பெரியவர்களே, தீப்பெட்டி ஆபீசில் அரைநாள் கேட்டு வாங்கி வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுத்தது பத்து நிமிடம். பாதியைப் பாராட்டிலேயே கரைத்துவிடலாம். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் டாக்டர் அல்லன், பொறியியல் படித்தவன். வெவ்வேறு துறைப் பணியாளர்கள் சேர்ந்து கற்றால் நோயாளிக்கு நன்மை உண்டா என்று இந்த வட்டாரத்தில் இரண்டு ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்ததே, அதில் புள்ளிவிவரம் தொகுத்தவன். எல்லோரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்துப் பயிற்சி தந்தோம். முன்னால் ஒரு தேர்வு, பின்னால் ஒரு தேர்வு. சராசரி மதிப்பெண் ஐம்பத்திரண்டு, எண்பத்தொன்றாக ஏறியது. திரையில் பச்சைக் கோடு பாய்ந்து மேலே போனது.

முன்வரிசையில் ஓர் அண்ணாச்சி கை தட்டுகிறார். கொஞ்சம் பொறுங்கள், அண்ணாச்சி. தட்டக்கூடாத இடத்தில் தட்டிவிட்டீர்கள்.

அந்த மண்டபத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்? செவிலியர் ஒரு வரிசை, மருந்தாளுநர் ஒரு வரிசை, சமூகப் பணியாளர் கடைசி வரிசை. சாப்பாட்டுப் பந்தியிலும் அப்படியே. சாம்பார் ஒன்று, துறை மூன்று. ஒரே கூரையின் கீழ் உட்காருவதும் ஒன்றாகக் கற்பதும் ஒன்றா? என் பச்சைக் கோட்டுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை.

தெரிய வைத்தவர் ஓர் ஆட்டுக்காரர். நந்தகோபால் என்று வைத்துக்கொள்வோம். மெய்ப்பெயர் அதுவல்ல. அவரும் அவர் மனைவி கிருஷ்ணவேணியும், அந்தப் பெயரும் மாற்றியதுதான், சொல்லலாம் என்று ஒப்புக்கொண்ட அளவுக்கே சொல்கிறேன். எந்த ஊரு என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அதை மட்டும் சொல்ல மாட்டேன். ஏன் என்று இன்னும் நாலு நிமிடத்தில் உங்களுக்கே விளங்கும்.

நூற்று நாற்பது செம்மறிகள் அவருக்கு. அறுப்பு முடிந்த புஞ்சைகளில் இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை மடக்குவதுதான் தொழில். ஆட்டுப் புழுக்கை மண்ணுக்கு உரம். இந்தப் புஞ்சையில் நாலு நாள், அடுத்த புஞ்சையில் மூன்று நாள் என்று இடம் மாறிக்கொண்டே இருப்பார். அவருக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் நாள் தவறாமல் மாத்திரை போட வேண்டும். இரண்டாம் மாதத்தில் நிறுத்திவிட்டார். இருபத்து மூன்று நாள்.

நிறுத்தினால் என்ன ஆகும்? கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். ஆளே போய்விடலாம். வீட்டில் நாலு வயதுப் பெண்பிள்ளை. அவள் மூச்சிலும் அது ஏறலாம்.

யாரும் கவனிக்கவில்லையா? கவனித்தார்கள். கிராமச் செவிலியர் பிரேமா வீட்டுக்குப் போனார். சிறுநீர் சிவப்பாகப் போகிறது, ரத்தம் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார் என்று கிருஷ்ணவேணி அவரிடம் சொன்னார். காசநோய்ப் பிரிவில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, பிரேமா தன் நோட்டில் குறித்துக்கொண்டார். அந்தப் பிரிவின் சமூகப் பணியாளர் இசக்கிபாண்டி மூன்று முறை போனார். வெளியூர் போயிருக்கிறார், இடம் தெரியாது என்று அவருக்குப் பதில். அவர் நோட்டில் மூன்று முறை "ஆள் இல்லை". மருந்தாளுநர் வேல்சாமியிடம் அதற்கு முன்பே நந்தகோபால் வந்து கேட்டிருக்கிறார்: வெறும் வயிற்றில் குமட்டுகிறது, கஞ்சி குடித்துவிட்டுப் போடலாமா என்று. வெறும் வயிற்றில்தான் என்று சொல்லி, அவரும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பயம் ஒரு நோட்டில். குமட்டல் ஒரு நோட்டில். ஆள் இல்லாமை ஒரு நோட்டில். மூன்றையும் படிக்க வேண்டியவன் யார்? நான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சிகிச்சையைக் கைவிட்டவர்" என்று போட்டு, அவருடைய வரியையே அட்டவணையிலிருந்து நீக்கினேன். அவர் போனதும், நோயாளிகள் மருந்து போட்ட நாட்களின் சராசரி அழகாக இருந்தது.

பிறகு ஒரு முகாமுக்கு நாங்கள் நாலு பேரும் ஒரே ஜீப்பில் போனோம். விரும்பியல்ல, அன்றைக்கு வேறு வண்டி இல்லை. வழியில் மழை பிடித்தது. கரிசல் மண் சக்கரத்தை விழுங்கியது. டிரைவர் டிராக்டர் தேடிப் போக, இரண்டு மணி நேரம் வண்டிக்குள் அடைந்து கிடந்தோம். பொழுது போகாமல் இசக்கிபாண்டி, நந்தகோபால் பெயரை அடித்துவிடலாம், மருந்தை விட்டுவிட்டார் என்று பேச்சை எடுத்தார்.

"அவிய சும்மா விடல. ஒண்ணுக்கு செவப்பாப் போவுதுன்னு பயந்து நிறுத்தியிருக்காவ," என்றார் பிரேமா.

"இத ஏன் தாயி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலயே அண்ணாச்சி."

அந்த மாத்திரைக்குச் சிறுநீர் சிவக்கத்தான் செய்யும், அது ரத்தமில்லை என்றார் வேல்சாமி. கஞ்சி விஷயத்தையும் அப்போதுதான் சொன்னார். இரண்டு ஆண்டு ஆய்வு, எத்தனையோ பயிற்சி, எத்தனையோ தேர்வு. அத்தனையும் தராததை ஒரு சேற்றுக்குழி தந்தது. இதைவிட என் படிப்புக்கு வேறு அவமானம் வேண்டுமா?

முகாமை முடித்து, நாலு பேருமாகக் கிருஷ்ணவேணி வீட்டுக்குப் போனோம். கிடை எங்கே இருக்கிறது என்று நான் அவசரப்பட்டு அதட்டினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எடத்தச் சொன்னா நீங்க ஜீப்ப போட்டுக்கிட்டு அங்கன போய் நிப்பிய. இன்ன சீக்குன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் எங்க ஆட்ட அவன் புஞ்சையில மடக்குவான்? ஆளாளுக்கு ஒருநாள் வந்து ஆளாளுக்கு ஒண்ணு கேட்டிய. அவிய தெனமும் சோத்துக்கு என்னத்தான பாக்காவ? மாத்திரய எங்கையில குடுத்தா நான் கொண்டுபோக மாட்டனா?"

தூக்குவாளியில் கஞ்சி தினமும் கிடைக்குப் போகிறது. அதே கையில் மாத்திரையும் போகலாம். எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. ஆரம்பச் சுகாதார நிலைய டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்தோம். முதலில் ஆளை வரச்சொல்லி, சளியைச் சோதித்தார். கஞ்சி குடித்துவிட்டே போடட்டும், போடாமல் இருப்பதுதான் ஆபத்து என்று சொல்லி மருந்தைத் தொடர வைத்தார். பிள்ளைக்கும் தடுப்பு மாத்திரை தொடங்கினார். அந்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை தோறும் ஒரு மணி நேரம், செவிலியர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர், டாக்டர், கூடவே கிருஷ்ணவேணி, ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். நோட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு.

அறிவு முன்பு இல்லையா? இருந்தது. அக்கறை இல்லையா? இருந்தது. அலைச்சலுக்கு அஞ்சினார்களா? யாரும் அஞ்சவில்லை. ஒருவர் அறிந்ததை இன்னொருவர் கேட்பதற்கு ஒரு மணி நேரம் இல்லை, அதுதான் இல்லை. செவிலியர் அறிந்ததை மருந்தாளுநர் கற்க வேண்டும். மருந்தாளுநர் அறிந்ததைச் சமூகப் பணியாளர் கற்க வேண்டும். மூவரும் அறியாததை, நோயோடு குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணிடம், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கற்க வேண்டும். கூட்டுக் கற்றல் என்று நான் இப்போது சொல்வது இதைத்தான்.

போன வியாழன் நந்தகோபாலின் கடைசிச் சோதனை முடிவு வந்தது. கிருமி இல்லை. அவர் வரியை அட்டவணையில் திரும்பச் சேர்த்துவிட்டேன்; சராசரி இறங்கியது; இறங்கட்டும்.

ஆனால் பிள்ளைக்கு இன்னும் இரண்டு மாத மாத்திரை பாக்கி. ஆய்வோ இந்த மாதத்தோடு முடிகிறது. ஆய்வு முடிந்தால் வியாழக்கிழமையும் முடிகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்த அலுவலகத்திலும் உத்தரவு கிடையாது. கூட்டம் கலையும்போது கிருஷ்ணவேணி என்னைக் கேட்டார்:

"தம்பி, வார மாசமும் வியாழக்கெழம வரணுமா, வேண்டாமா? இப்பமே சொல்லிருங்க, ஆடு பாக்க ஆள் சொல்லணும்லா."

கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

தலைவர் அவர்களே, பதில் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. பரிசீலிக்கிறோம் என்ற சொல்லை நான் அவரிடம் கொண்டுபோக முடியாது. ஆட்டை வைத்திருப்பவருக்கு அது புரியாது. உண்டு, இல்லை, இரண்டில் ஒன்றை இந்த மேடையிலேயே சொல்லுங்கள். ஒலிவாங்கியை உங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இறங்குகிறேன். பொறுத்துக் கேட்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.