நாற்காலிக்கு முன்னால ஒரு சீப்புப் பழம்

இன்னும் டாக்டரக் காணோம்லா? மணி பதினொண்ணு. நிக்கிற நேரத்துக்கு இதயாவது கேளுங்க. அந்த மேசையில பழம் எதுக்குன்னு கேட்டியள்லா.

ரொம்பக் காலத்துக்கு முன்ன, இதே கருங்காட்டுவிளையில வெயிலாச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க தாத்தாவப் பெத்தவ. அவ புருஷன் தவசி, பனையேறி. உள்ளங்கால்ல பனங்கருக்கு கிழிச்சு, சீழ் வச்சு, கால் வீங்கிப்போச்சாம். கால் போனா பனை போச்சு. பனை போனா கஞ்சி போச்சு.

வண்டி கட்டி இந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டாந்தாளாம். டாக்டரு நின்ன வாக்குலயே பாத்தாராம். தொடலையாம். சாயங்காலம் வீட்டுக்கு வா, நிதானமாப் பாக்கலாம்னாராம்.

அவளுக்கு என்ன தெரியும்? அம்புட்டுப் பெரிய மனுஷன் நம்மள வீட்டுக்குக் கூப்பிட்டுட்டாரேன்னு பூரிச்சுப்போனாளாம், பைத்தியக்காரி. வெறுங்கையோட போகலாமா? ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கி, புதுச்சேலை உடுத்தி, புருஷனக் கைத்தாங்கலா கூட்டிக்கிட்டு, விருந்தாடியாப் போனாளாம்.

வாசல்ல கம்பவுண்டர் மறிச்சு, பீஸ் எங்கன்னு கேட்டானாம். கேலி பண்ணுதான்னு நெனச்சு இவ சிரிச்சாளாம். உள்ள எட்டிப் பாத்தா, டாக்டரு பண்ணையார் கால மடியில தூக்கி வச்சு, விரல் விரலாத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாராம். அப்பத்தான் அவளுக்கு வெளங்குச்சாம். காலையிலயும் அவருக்கு இதே கைதான இருந்துச்சு?

குடுக்க வழியில்ல. அழுதுக்கிட்டே திரும்பிட்டாளாம்.

மறுநாள் டாக்டரு வாரதுக்கு முன்னாடியே வந்து, அவரு நாற்காலியத் தொடச்சுப் போட்டு, முன்னால அந்தச் சீப்ப வச்சு, பக்கத்துல புருஷன உக்கார வச்சிட்டு நின்னாளாம். என்னம்மா இதுன்னு டாக்டரு கேட்டாராம்.

"நேத்து உங்க வீட்டுக்கு நான் வந்தேன் ஐயா. இன்னைக்கு எங்க வீட்டுக்கு நீங்க வந்திருக்கிய. சர்க்கார் ஆஸ்பத்திரி எங்க வீடுதான். உக்காருங்க. நிதானமாப் பாருங்க."

மனுஷன் மூஞ்சி செத்துப்போச்சாம். உக்காந்தாராம். கால மடியில தூக்கி வச்சுப் பாத்தாராம். கால் பொழச்சுது. ஆனா ஒரு நாள் பிந்துனதுல ரெண்டு விரல் போச்சு. தவசி அதுக்கப்புறம் பனையேறவே இல்ல.

அன்னையிலருந்துதான் வாரம் பொறக்கிற திங்கக்கிழமை தோறும் நாற்காலிக்கு முன்னால எங்க ஊர்க்காரங்க பழம் வைக்கது. வீட்டுக்கு வாரவுகளுக்கு நாமதான வைக்கணும்?

இப்ப மேசையில இருக்கே, அது போன திங்கக்கிழமை நான் வச்ச சீப்பு. தொலியெல்லாம் கறுத்துப்போச்சு. விருந்தாடியத்தான் இன்னும் காணோம்.