நான்கு நாட்டாரை ஒரே தாம்பாளத்தைச் சுற்றி அமர்த்திய உமர் பாருக் அவர்களுக்கு

பசித்த முகம் பார்த்துப் பரிமாறும் பண்பாளரே, கம்பம் பள்ளத்தாக்கு தந்த கனிவுக் கரத்தினரே, எங்கள் ஏலக்காய்ப் பயிற்சி நிலைய விடுதியின் சமையற் பொறுப்பாளர் உமர் பாருக் அவர்களே, பணி நிறைவு பெறும் தங்களுக்குக் கனத்த நெஞ்சோடு நாங்கள் வாசித்தளிக்கும் மடல் இது.

இருபத்திரண்டு ஆண்டுகள் இங்கே அடுப்பெரித்தீர்கள். நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை என அண்டை நாட்டு விவசாயிகள் தைதோறும் வந்து, ஏலக்காய் வளர்க்கும் முறையைப் பழகிச் சென்றார்கள். முதல் அணிக்கு நாங்கள் நாட்டுக்கொரு மேசை போட்டு வைத்தோம். அவரவர் மேசையில் அவரவர் தலை கவிழ்ந்து உண்டதைத் தாங்கள் கண்டீர்கள். அந்த வாரமே, தங்கள் துணைவியார் லத்திபா அம்மாளின் பிறந்த ஊரான காயல்பட்டினத்திலிருந்து, நால்வர் சுற்றி அமர்ந்து உண்ணும் பெருந்தாம்பாளங்களைத் தருவித்தீர்கள். நாட்டுக்கு ஒருவராக நால்வரை அமர்த்தி, எவர்க்கும் விலக்கில்லாத நெய்ச்சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் படைத்தீர்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாதவர்கள், தம் பக்கத்துக் கத்திரிக்காயை எதிர்ப்பக்கம் தள்ளி உபசரிக்கக் கற்றார்கள். மாநாடு கூடிப் பேசியும் ஆகாத காரியம் மதியச் சோற்றில் ஆனது.

ஐந்து ஆண்டுகளாக அந்த அணிகள் வரவில்லை. ஓய்வுக்கு முன் ஒரே ஒரு முறை அவர்களுக்குப் பரிமாற வேண்டும் என்பது தங்கள் ஆசை. இந்தத் தையில் நால்வர் வருவதாகக் கடிதம் வந்ததும் தாம்பாளத்தைத் துலக்கி வைத்துக் காத்திருந்தீர்கள். இருவருக்கு விசா கிடைக்கவில்லை, வகுப்பே ரத்தானது. "அவுக என்ன செய்வாக, வழி விட்டாத்தான வருவாக" என்று மட்டும் சொல்லித் தாம்பாளத்தைப் பரணில் ஏற்றினீர்கள். அன்று தாங்கள் சாப்பிடவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

ஐயா, பாராட்ட வந்த இடத்தில் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். கடைசியாக வந்த அணி விடைபெற்ற அன்று, "எங்கிட்டோ இருந்து வந்தவுக ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுப் போயிட்டாக. நாம எப்பப்பா உக்கார்றது?" என்று கேட்டீர்கள். இம்மடலை எழுதும் எழுத்தர் ஈஸ்வரபாண்டியாகிய நான், வயிறு சரியில்லை என்றேன். ஓட்டுநர் விஜய்ராஜ் வண்டி துடைக்கப் போனார். துப்புரவுப் பணியாளர் ராக்கையா, யாரும் சொல்லாமலே, தம் தூக்குவாளியோடு கொல்லைப்பக்கம் நடந்தார். அவரோடு ஒரே தாம்பாளத்தில் கைவைக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை என்பதே உண்மை. அண்டை நாட்டு ஒற்றுமைக்கு ஆண்டுதோறும் வரவேற்பு வளைவு கட்டிய நாங்கள், அந்த வளைவுக்குக் கீழேயே, தாங்கள் ஆக்கித் தந்த சோற்றைத் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்துத் திறந்தோம். அதன்பின் தாங்கள் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டதுதான் இன்றும் எங்களைச் சுடுகிறது.

தாங்களும் லத்திபா அம்மாளும் நோய்நொடி அண்டாது, நிறைந்த மனத்தோடு நெடுநாள் வாழ இறைவனை வேண்டுகிறோம். சட்டமிட்ட இம்மடல் தங்கள் வீட்டுச் சுவருக்கு. அதைக் கையில் வாங்கியதும், தயவு செய்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வாருங்கள். பரணில் இருந்த தாம்பாளத்தை இன்று காலை ராக்கையாவும் நானும் சேர்ந்து இறக்கினோம். அவர் ஒருபுறம், விஜய்ராஜ் ஒருபுறம், நான் ஒருபுறம் அமர்கிறோம். நான்காம் இடம் தங்களுடையது. இன்று தாங்கள் பரிமாற வேண்டாம் ஐயா, உட்காருங்கள்.

இங்ஙனம்,
தங்கள் கையால் உண்ட விடுதி ஊழியர்கள்,
உத்தமபாளையம்.