தூங்குகிறவர்களை அளக்காத நாற்காலி

மேடையில் இருக்கும் துறைத் தலைவர் அவர்களே, அக்காவுக்கு வழிகாட்டிய பேராசிரியை அவர்களே, பட்டறையில் அக்காவோடு சேர்ந்து மரத்தூள் தின்ற அண்ணன்களே, அக்காக்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அம்மா, அப்பா, எல்லோருக்கும் வணக்கம்.

குடும்பத்தின் சார்பில் அப்பாதான் பேசுவதாக இருந்தது. "என்னால முடியாதும்மா, நீயே நாலு வார்த்த சொல்லிடு" என்றார். அந்த நாலு வார்த்தையை வீடு தூங்கிய பிறகு எழுதினேன். யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் இரண்டு வார்த்தையாகக் குறைத்திருப்பார்கள். 

வடிவமைப்புத் துறையின் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி, நீங்கள் 'அளவுக்காரி' என்று கூப்பிட்டவர், என் அக்கா. சட்டைப்பையில் எப்போதும் அளவு நாடா வைத்திருப்பாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் முழங்காலைக்கூட அளந்திருக்கிறாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்தப் படிப்பு அவளுக்குச் சும்மா கிடைத்ததா? இல்லை! அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். "நாற்காலி செய்யறதுக்கு ஒரு முதுகலைப் பட்டமா? கடைக்குப் போனா அடுக்கி வச்சிருக்கான்" என்றார். அக்கா சண்டை போடவில்லை. அப்பாவின் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். "உங்க இடது இடுப்பு மட்டும்தானே வலிக்குது?" என்று கேட்டாள். அப்பா இடுப்பைத் தடவிக்கொண்டார். பிறகு, "எப்ப சேரணும்?" என்றார்.

அவள் ஆய்வுக்கு எடுத்தது என்ன? மருத்துவமனையில் நோயாளிக்குக் கட்டில் இருக்கிறது. துணைக்கு இருப்பவருக்கு என்ன இருக்கிறது? தரை இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது. அவர்களுக்காக ஒரு நாற்காலி. அதைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். தினமும் வார்டு வாசலில் போய் நின்று, யார் எப்படி உட்காருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"யாரும்மா நீ? எந்தப் பேஷன்ட்டுக்கு வந்திருக்க?"

"பேஷன்ட்டுக்கு இல்லண்ணே, நாற்காலிக்கு."

"நாற்காலிக்கு என்ன ஒடம்புக்கு?"

"முதுகு சரியில்லண்ணே."

அதன் பிறகு அவரே கூப்பிட்டு, "டாக்டரம்மா, மூணாவது வார்டுல ஒருத்தர் வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்கார், வந்து பாருங்க" என்பாராம்.

உங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. எனக்கு அது அக்கா சொல்லித்தான் தெரியும். செய்த பொருளை வேறொருவர் பயன்படுத்திப் பார்க்கும்போது, செய்தவர் பேசக் கூடாது. விளக்கக் கூடாது. 'அப்படி இல்லை, இப்படி' என்று கை காட்டக் கூடாது. அவர் தப்பாகப் பயன்படுத்தினால் தப்பு அவருடையதல்ல, பொருளுடையது. அக்கா செய்த முதல் மாதிரியில் உங்களில் ஒரு அண்ணன் முன்பக்கம் பின்பக்கம் தெரியாமல் திரும்பி உட்கார்ந்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் கத்தினாள்.

இந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். அவள் சமைத்த நாளில் எதிரே நின்று எங்கள் முகத்தையே பார்ப்பாள். "உப்பு போதுமான்னு வாயத் தொறந்து கேளேன்டி, பயமா இருக்கு" என்பாள் அம்மா.

பிறகு அக்காவின் சிறுநீரகம் கெட்டுப்போனது. எந்த வார்டின் வாசலில் நின்றாளோ, அதே வார்டுக்குள் படுத்தாள். துணைக்கு அப்பா இருந்தார். அவர் தரையில் படுப்பதைப் பார்த்துவிட்டு, உங்களில் சிலர்தான் அவள் கடைசியாகச் செய்து முடித்த இந்த நாற்காலியை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். இதோ, அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் யாரும் உட்காராதபடி கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறீர்களே, இதே நாற்காலிதான்.

"ஒடைஞ்சிடப் போகுது" என்று அப்பா முதல் நாள் உட்காரவே இல்லை. மறுநாள் உட்கார்ந்தார். மதியம் சாப்பிட்டதும் தூங்கிவிட்டார். தலை வலப்பக்கம் சாய்ந்தது. முழங்கை கைப்பிடியிலிருந்து வழுக்கியது. அக்கா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். என்னைக் கையால் அமர்த்தினாள். நாற்காலி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அப்பா தொப்பென்று விழுந்தார்.

"விழப்போறேன்னு தெரிஞ்சும் பாத்துக்கிட்டே இருந்தியா?"

"செஞ்சவ பேசக் கூடாதுப்பா."

"நான் ஒன்னப் பெத்த அப்பன்டி!"

"எந்திரிச்சப்புறம்தான் அப்பா. உக்காந்திருக்கிற வரைக்கும் நீங்க பயனாளி."

பக்கத்துக் கட்டிலில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு அம்மா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்கம்மா, பிரிஞ்சிடும்" என்றார்.

அப்பாவும் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "முழிச்சிருக்கிறவங்களையே அளந்திருக்கேன்டி. தூங்கறவங்கள அளக்கவே இல்ல. துணைக்கு வர்றவங்க தூங்காம என்ன செய்வாங்க?" என்றாள். அளவு நாடாவை என்னிடம் கொடுத்தாள். அடுத்தடுத்த மதியங்களில் அப்பா தூங்கும்போது தோள் எங்கே விழுகிறது, முழங்கை எங்கே போகிறது என்று அளந்து சொன்னேன். கைப்பிடியை உயர்த்த வேண்டும், வெளிப்பக்கம் அகட்ட வேண்டும், நாற்காலியின் கால்களையும் அதோடு அகட்ட வேண்டும் என்றாள். வீட்டுக்கு வந்ததும் செய்யலாம் என்றாள். வீட்டுக்கு வரவில்லை.

துறைத் தலைவர் ஐயா, நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். அக்காவுக்குப் பட்டம் வழங்கப்படும் என்றீர்கள். இந்த நாற்காலியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நுழைவுக் கூடத்தில் வைப்போம் என்றீர்கள். அப்பா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கீறல் விழாமப் பாத்துக்கோங்க சார்" என்றார். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஐயா, இந்த நாற்காலி சரியில்லை.

இதைச் சொன்னால் அக்காவின் பட்டம் போய்விடுமோ என்று பயந்தேன். அப்பா மனம் நொந்துபோவாரோ என்று அதைவிடப் பயந்தேன். ஆனால் குறையைக் கண்டுபிடித்தவருக்கு இந்தத் துறையில் மதிப்பெண் குறைப்பீர்களா? "அங்க குறை கண்டுபிடிச்சாத்தான்டி மார்க்கே" என்று அக்கா சொல்வாளே! கண்ணாடிக்குள் வைத்தால் யார் உட்காருவார்கள்? உட்காராத நாற்காலியின் குறை யாருக்குத் தெரியும்? அவள் இதைப் பார்வைக்கு வைப்பதற்காகவா செய்தாள்? அந்த வார்டில் இன்றைக்கும் ஒருவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்!

அதனால் ஒரு வேண்டுகோள். இதைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். பட்டறைக்கு அனுப்புங்கள். அண்ணன்களே, அக்காக்களே, கைப்பிடியை அறுத்து உயர்த்துங்கள். நான் எடுத்த அளவுகள் என்னிடம் இருக்கின்றன. பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் வந்து உங்களோடு நிற்பேன். பள்ளி முடித்து, கல்லூரியும் முடித்து, இதே துறையில் மாணவியாகச் சேருவேன். இது அப்பாவுக்கு இப்போதுதான் தெரிகிறது. மன்னிச்சுக்கோங்கப்பா.

அந்த மதியம் அப்பா விழுந்ததை நான் ஒருத்தி சொன்னால் போதாது. நீங்களே பார்க்க வேண்டும். கயிற்றை அவிழ்க்கிறேன்.

அப்பா, இங்க வாங்க. வந்து உக்காருங்க. தூங்கற மாதிரி வலப்பக்கம் சாயுங்க.

செய்தவள் இல்லை. அவள் இடத்தில் நான் நிற்கிறேன். இனி நான் பேசக் கூடாது. விழப் போனீங்கன்னா பிடிச்சுக்குவேன்ப்பா. சொல்ல மட்டும் மாட்டேன்.