தெருக்குத்துப் பிள்ளையார்

– காணாமப் போனது கல்லு இல்லீங்கம்மிணி, பிள்ளையாரு! நேத்தைக்குப் பொழுதோட இதே எடத்துல பீடத்தோட நின்னவரு. விடிஞ்சு வந்து பாத்தா எடம் மொட்டையாக் கெடக்குது. மருவாதியாச் சொல்லிப்போடுங்க, எங்க கொண்டுபோயி வெச்சிருக்கீங்க?

– ஏனுங்கண்ணா, நானென்ன மடியில கட்டிக்கிட்டா வந்திருக்கறேன்? பூங்கா திறப்பு விழாவுன்னு வேலைக்கு லீவு போட்டு, என்ற புள்ளயக் கூட்டியாந்தேன். வந்ததும் வராததுமாத் திருட்டுப் பட்டம் கட்டறீங்களே!

– பட்டம் நான் கட்டலை. நீங்களே கட்டிக்கிட்டீங்க. நேத்து காலனி சங்கத்து மீட்டிங்குல, செகரட்ரி அரங்கசாமிங்கற என்ற மூஞ்சிக்கு நேரா, ‘இந்தச் செவ்வந்தி இருக்கற வரைக்கும் பிள்ளையாரு இங்க நிக்க மாட்டாரு’ன்னு சவால் வுட்டீங்களா, இல்லியா?

– லைனைப் பாதியில கட் பண்ணாதீங்கண்ணா. முழுசாச் சொல்லுங்க. ‘பிள்ளையாரு வழியில நின்னா என்ற புள்ள வண்டி உள்ள போகாது, சித்தெ தள்ளி வையுங்க’ன்னு முதல்ல கையெடுத்துக் கும்பிட்டேன். ஒருத்தரும் காது குடுக்கலை. சவாலு அப்புறந்தான் வந்துச்சு.

– அதென்ன எப்பப் பாத்தாலும் லைனு, கட்டுன்னு?

– டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து உக்காந்து வந்த பழக்கமுங்க. அரைப் பேச்சு பேசறவங்களைக் கண்டா எனக்கு ஆகாது.

– பேச்சை மாத்தாதீங்க. பாயிண்டுக்கு வாங்க!

– பாயிண்டு இதாங்க. இந்தப் பூங்காவுக்கு இருக்கறது ரெண்டு வாசல். தெக்கு வாசல் பூராப் படிக்கட்டு. மேக்கு வாசல்ல, இதா நாம நிக்கற எடத்துல, சாய்வுப் பாதை. நடக்க முடியாத புள்ளைக வண்டியோட ஏறட்டுமுன்னே கட்டுனது. கட்டுன ஈரம் காயறதுக்குள்ள, அதோட வாய்க்கு நேரா, நட்டநடுவுல கொண்டாந்து பிள்ளையாரை உக்கார வெச்சுப்போட்டீங்க. ரெண்டு பக்கமும் ஒரு ஆளு ஒருக்களிச்சுப் போற சந்து. அதுல என்ற கலைமதி வண்டி எப்படிங்க நொழையும்?

– அது நான் வெச்சதில்லீங்கம்மிணி, சாஸ்திரம் வெச்சது. எதுத்தாப்ல பாருங்க. தெரு நேரா வந்து இந்த வாசல்ல முட்டுதா? அதுக்குப் பேரு தெருக்குத்து! வாஸ்துக்காரரைப் பெருந்துறையில இருந்து காரு வெச்சுக் கூட்டியாந்து காட்டுனோம். பாத்ததும் நெத்தியில அடிச்சுக்கிட்டாரு மனுசன். ‘தெருவோட பார்வை உள்ள பாயுது. எதுக்க ஒரு பிள்ளையாரு உக்காந்தாத்தான் தடுக்கும். இல்லாட்டி வெளையாடற குழந்தைகளுக்கு ஆகாது’ன்னாரு.

– வெளையாடற குழந்தைகளுக்கு! அப்ப என்ற புள்ள எந்தக் கணக்குலீங்க வர்றா?

– அட, சாமி குறுக்க நிக்கறதையே ஒரு ஆசீர்வாதமுன்னு நெனைச்சுக்கோணும்.

– ஏனுங்கண்ணா, எந்தச் சாமியக் கொண்டாந்து எங்க நிறுத்தியிருக்கறீங்கன்னு ரோசனை பண்ணிப் பாத்தீங்களா? தம்பி மயிலேறி ஒலகத்தைச் சுத்தப் போனாரு. நம்மால அப்படி ஓட முடியாதுன்னு உக்காந்த எடத்துலயே அம்மையப்பனைச் சுத்தி வந்து பழத்தை வாங்கிப்போட்டாரு இவரு. ஓட முடியாததுகளுக்குன்னு இருக்கற ஒரே சாமிங்க அது! ஊருக்கே வழி உடற சாமியப் புடிச்சு, என்ற புள்ளைக்கு மட்டும் தடைக்கல்லாப் போட்டீங்களே, உங்களுக்கே இது அடுக்குமா?

– சாமிகிட்ட வெளையாடாதீங்க, சொல்லிப்போட்டேன். இப்ப என்ன கெட்டுப்போச்சு? புள்ளயத் தூக்கிக்கிட்டுப் படியேறுனா ஆச்சு. இத்தனூண்டு உருப்படி, ஒரு கையில தூக்கலாம்.

– பத்து வயசுங்க அவளுக்கு! யாராச்சும் தூக்க வந்தா, பாவாடை ஏறிக்குமோன்னு ரெண்டு கையிலயும் இழுத்துப் புடிச்சுக்கறா. நீங்க பாத்ததில்லை. நான் தெனமும் பாக்கறேன். கோயில்லயும் தூக்கு, கல்யாண மண்டபத்துலயும் தூக்கு, பள்ளிக்கோடத்துலயும் தூக்கு. பருத்தி மூட்டையாட்டத் தூக்கறோம், மூட்டையாட்டவே எறக்கறோம். உங்க ஊட்டு எருமையத் தொட்டிக்கு யாராச்சும் தூக்கிட்டுப் போறாங்களா? அது பாட்டுக்கு அதுவா நடந்து போவுதில்ல? இந்தக் கோயமுத்தூர்ல ஒரே ஒரு எடத்துக்காச்சும் என்ற புள்ள அவளே வண்டிய உருட்டிட்டு உள்ள போகோணுமுன்னுதானுங்க, செருப்புத் தேயத் தேய ஆபீசு ஆபீசா அலைஞ்சேன்.

– நெம்பப் பேசறீங்க.

– இன்னும் பேசவே ஆரம்பிக்கலை. உள்ள அந்தக் கடேசி ஊஞ்சலைப் பாருங்க. முதுகுச் சாய்வும் பெல்ட்டும் வெச்சது. பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையில உமர் பாரூக் பாய், இவளையே உக்கார வெச்சு அளவெடுத்துச் செஞ்சு குடுத்தாரு. அதை மாட்டுன நாள்ல இருந்து, தெனம் சாயங்காலம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருக்கறா. ஒருநா கேட்டா, ‘ஏம்மா, அது எனக்குன்னு செஞ்சதுதானே, அப்புறம் பூங்காவைத் திறந்தாலும் நான் மட்டும் ஏன் வெளியவே நிக்கோணும்?’னு. நீங்க சொல்லுங்கண்ணா பதிலு. அவளும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறா.

– இதையெல்லாம் போலீஸ்கிட்டச் சொல்லுங்க. போன் பண்ணிப்போட்டேன், வருவாங்க. பிள்ளையாரு திரும்பி வந்து, பீடத்துல அஷ்டபந்தன மருந்து சாத்திப் பிரதிஷ்டை ஆகற வரைக்கும் இந்தக் கேட்டு திறக்காது. திறப்பு விழாவும் கெடையாது. சாவி என்ற இடுப்புல இருக்குது. இந்த அய்யரு வேற, வெள்ளென வாரேன்னவரு இன்னும் வந்த பாட்டைக் காணோம்… ஆ, காரு வருதே! ராமாமணியம்மா! வாங்கம்மா, வாங்க! பூங்காவுக்கு அள்ளிக் குடுத்த மகராசி நீங்க வர்ற நேரத்துல இப்படி அநியாயம் நடந்துபோச்சுங்களே!

– ராமா ராமா. மெதுவாப் பேசுங்க அரங்கசாமி, காரு கதவைச் சாத்திக்கறேன். அட, கலைமதிக் கண்ணா? சடையில கனகாம்பரமெல்லாம் வெச்சு, ஜோரா இருக்கறியே! ஏன் செவ்வந்தி, புள்ளய வெயில்ல நிறுத்தியிருக்கற?

– வெயில்ல நிறுத்துனது நானில்லீங்கம்மா. பூட்டு.

– பிள்ளையாரைக் காணோமுங்கம்மா! இந்தம்மிணிதான் ஆள் வெச்சுத் தூக்கியிருக்குது. இவங்க தெருவுல மூட்டை தூக்கற ஆளுகளுக்கா பஞ்சம்?

– நீ எடுத்தியா செவ்வந்தி?

– நீங்களுமாம்மா? கேளுங்க, நல்லாக் கேளுங்க. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ‘சாய்வுப் பாதை போட்டாத்தான் பணம் தருவேன்’னு கண்டிசன் போட்டது நீங்க. அதுக்கு நேரா பிள்ளையாரைக் கொண்டாந்து எறக்குனதை நான் கேட்டப்ப, நேத்து மீட்டிங்குல முதல் வரிசையில உக்காந்திருந்தீங்க. வாயத் தொறந்தீங்களா? உங்க ஒரு வார்த்தைக்கு அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னிருப்பாங்க. நீங்க விசிறிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. செகரட்ரி மேலகூட எனக்கு அத்தனை கோவமில்லீங்கம்மா.

– பாத்தீங்களாம்மா? உப்பைத் தின்னுபோட்டு உங்களையே எதுத்துப் பேசுது!

– இருங்க அரங்கசாமி. அது கேட்டதுல தப்பில்லை. ஏனுங்க, எனக்கு ஒரு சந்தேகம். மருந்து சாத்தறதுக்கு முன்னால அந்தச் சிலைய எடம் மாத்துனா தோசமுங்களா?

– பிரதிஷ்டை ஆகாத வரைக்கும் அது கல்லுதானுங்கம்மா. திருமுருகன்பூண்டியில இருந்து லாரியிலதானே உருட்டிக் கொண்டாந்தோம்.

– இப்பத்தானே கல்லு இல்லை, சாமின்னு கத்துனீங்க?

– நீங்க சும்மா இருங்கம்மிணி! அம்மாகிட்டப் பேசிட்டு இருக்கறேன்.

– சரி, பிரதிஷ்டை ஆயிப்போச்சுன்னா?

– அப்புறம் அசைக்கவே கூடாதுங்க! பிரளயமே வந்தாலும் அது அந்த எடந்தான். எடுத்தா எடுத்தவன் குடும்பமே வெளங்காது. அதுக்குத்தானுங்கம்மா நான் பதறறேன். களவாடிட்டுப் போனவன் வேற எங்கயாச்சும் வெச்சு, மருந்து சாத்தி, கண்ணுத் திறந்துபோட்டான்னு வெச்சுக்குங்க, அப்புறம் நானே நெனைச்சாலும் திருப்ப முடியாது. அதுவும் திருட்டுப் பிள்ளையாருக்குச் சக்தி அதிகம். வெச்சவன் வெச்சதுதான்!

– அப்படீங்களா? உறுதியாச் சொல்றீங்க?

– சாஸ்திரமுங்கம்மா. எனக்கொரு நாயம் உங்களுக்கொரு நாயமுன்னு அதுல கெடையாது.

– நல்லதுங்க. இப்பச் சாவியக் குடுங்க.

– எதுக்குங்கம்மா?

– கேட்டைத் திறக்க. புள்ள உள்ள போகட்டும். சிலைய அப்புறம் தேடிக்கலாம்.

– அம்மா, அவசரப்படாதீங்க. உங்களுக்கு இந்த வாசலோட வெவரம் தெரியாது. தெருக்குத்துங்கறது… எப்படிச் சொல்றது… வெறும் வாஸ்து மட்டுமில்லீங்க. இந்த வாசல்ல முட்டறது எந்தத் தெருவுன்னு பாருங்க. ஒருக்காத் திறந்து உட்டோமுன்னா அந்தத் தெருச் சனம் பூரா இந்தப் பக்கமா உள்ள வந்துரும். ஊஞ்சல்லயும் சறுக்குலயும் அதுக புள்ளைகதான் தொங்கும். அப்புறம் நம்ம ஊட்டுக் குழந்தைக எங்க போயி வெளையாடறது? நாசூக்காச் செஞ்சு வெச்சிருக்கறேன். நீங்க புரிஞ்சுக்குவீங்கன்னு நெனைச்சேன்.

– இப்பத்தானுங்க லைன் கிளியரா விழுகுது! அது என்ற தெருவுங்க, செகரட்ரி! நான் பொறந்த தெரு. அப்ப தோசம் தெருவோட பார்வையில இல்லை, அந்தத் தெருவுல குடியிருக்கறவங்க கால்ல இருக்குது, இல்லீங்களா? காலை ஊனவே முடியாத என்ற புள்ள சக்கரத்துலயும் இருக்குது! நான் மூளைய உட்டுப்போட்டு வாஸ்துகூடச் சண்டை போட்டுட்டு இருந்திருக்கறேன். நாங்க வரக்கூடாதுன்னு வாயத் தொறந்து சொல்லத் தெகிரியமில்லாம, அதைப் பிள்ளையாரு வாயால சொல்ல வெச்சுட்டீங்களே! அந்தச் சாமிக்கு மட்டும் எந்திரிச்சு நடக்க முடிஞ்சிருந்தா, நீங்க வெச்ச அன்னிக்கே ஓடிப்போயிருக்கும்!

– சத்தம் போடாதீங்கம்மிணி! நான் அப்படிச் சொல்லலை.

– சொன்னீங்க அரங்கசாமி. என்ற காதால கேட்டேன். சாவி.

– அம்மா…

– நடையில கல்வெட்டு வெச்சிருக்காங்களே, அதுல என்ற பேருக்குக் கீழ என்ன வெட்டியிருக்குதுன்னு படிச்சிருக்கீங்களா? ‘எல்லாக் குழந்தைகளுக்கும்.’ அப்படி வெட்டச் சொன்னது நானு. சாவியக் குடுங்க. நான் கேக்கறது இது கடேசித் தடவை.

– இந்தாங்க. புடிங்க. உங்க சொத்து, உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு. போலீசு வரட்டும். எந்தச் சந்துல இருந்தாலும் சிலையத் தேடி எடுத்துக் கொண்டாந்து, இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள இதே எடத்துல மருந்து சாத்தலைன்னா என்ற பேரு அரங்கசாமி இல்லை. இன்னிக்கு ஒருநா ஊஞ்சலாடிக்கட்டும் அந்தப் புள்ள. நாளைக்கு எப்படி உள்ள வருதுன்னு பாக்கறேன்!

– பாத்தீங்களாம்மா? ஒருநாப் பிச்சை! எனக்கு வேண்டாமுங்க. இன்னிக்கு ஆட உட்டுப்போட்டு நாளைக்கு மறுபடியும் இவளைக் கம்பிக்கு வெளிய நிறுத்தறதுக்கு, இப்பவே ஊட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடறேன். வா கலைமதி.

– நில்லு செவ்வந்தி. வண்டியத் திருப்பாத. கலைமதிக் கண்ணு, கேட்டுத் திறந்தாச்சு, நீயே உருட்டிட்டு ஏறு. யாரும் தள்ள வேண்டாம். நாளைக்கும் வா, நாளன்னிக்கும் வா. அரங்கசாமி, போலீசு வந்தா செவ்வந்தி பேரைச் சொல்லாதீங்க. ராமாமணின்னு எழுதிக்கச் சொல்லுங்க.

– என்னங்கம்மா சொல்றீங்க?

– விடியறதுக்கு முன்னால என்ற மில் வேனுல, என்ற லோடுமேன்களை வெச்சு, பீடத்தோட பேத்து எடுத்தது நான்தானுங்க. மீட்டிங்குல சாமிக்கு எதுராப் பேசுனா ஒருத்தரும் கேக்க மாட்டாங்கன்னு தெரியும். அதனாலதான் கண்ணு, விசிறிக்கிட்டு உக்காந்திருந்தேன். கோவிச்சுக்காத.

– அம்மா! நீங்களா?… சரி, சரிங்க. வெளிய தெரிய வேண்டாம். அய்யரு வர்றதுக்குள்ள எடுத்தாந்துரலாம். இப்பச் சிலை எங்கீங்கம்மா இருக்குது?

– எந்த அய்யரு வர்றதுக்குள்ள? நீங்க இந்தப் பக்கம் கெளம்புனதும் அவரு வெள்ளெனவே வந்து மருந்து சாத்தி, கண்ணும் திறந்துபோட்டாரு. உங்க சம்சாரம் சென்னியம்மாளே ஆரத்தி எடுத்துச்சுங்க. திருட்டுப் பிள்ளையாருன்னதும் அதுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. உங்க ஊட்டு வாசலும் தெருக்குத்துதானுங்களே, அதனால கேட்டுக்கு நேரா, நட்டநடுவுல வெச்சிருக்குது. ஏனுங்க அரங்கசாமி, உங்க காரு இப்ப உள்ள நிக்குதுங்களா, வெளிய நிக்குதுங்களா?